ஒரு செவுரு தாண்டினா போதும்

அங்க வேணாம் தம்பி, ஆணி அடிச்சிடாத. ஹால்ல இன்னாத்துக்கு? குசினியில வைக்கணும். ஆமா, குசினிதான். அடுப்பு மேடைக்கு மேல பலகை தெரியுதா, உப்பு ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவுல எடம் காலியா இருக்குதே, அங்க. பழைய நெட்டுப் பொட்டி அங்கதான் இருந்திச்சி. எண்ணெப் பிசுக்கு புடிக்கும், சூடு ஏறும்ன்ற. ஏறும்தான். அதுக்குன்னு அடுப்பையா ஹாலுக்குத் தூக்கிக்கினு போவ முடியும்.

கம்ப்யூட்டரு ஹால்ல இருக்குது, சரி. அது அங்கயே இருக்கட்டும். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. நெட்டு யாரு பாக்கறதுன்னு கேக்கறியா? நான்தான். வேற யாரு இருக்கறா. பொண்ணு பூவிழியைக் கட்டிக் குடுத்தாச்சி, காலாப்பட்டுல இருக்கறா. வூட்டுக்காரரு கதிர்காமத்துல ஒரு ஆஸ்பத்திரியில வாட்ச்மேனு, மில்லு மூடினப்புறம் அந்த வேலைதான். அவருக்கு டிவி ரிமோட்டே சரியா அமுக்க வராது. அப்ப நான்தானே பாத்தாவணும். இன்னா பாப்பீங்கன்னா? எல்லாம் பாப்பேன். சமையல் பாப்பேன், சாமி பாப்பேன்.

மவுஸா? இல்ல. பூவிழி போவும்போது எடுத்துக்கினு போயிட்டா. அந்தத் துணியைத் தூக்காத தம்பி, உள்ள ஒரே தூசி. மவுஸ் இல்லாம எப்பிடி பாக்கறீங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது. நீ பொட்டியைப் பாரு.

ஒண்ணு சொல்லிடறேன், பில்லு போட்டா பாக்கியலட்சுமின்னு என் பேருல போடு. கோவிந்தராசுன்னு அவரு பேரைப் போட்டுடாத. நீ வந்ததே அவருக்குத் தெரியாது. பொட்டி செத்துப் போச்சின்னு சொன்னதுக்கு, நல்லதாப் போச்சி, லைனைக் கட் பண்ணிடுன்னுட்டாரு. நெட்டைக் கட் பண்ணா போனும் சேந்து கட்டாயிடும்னு அடிச்சி வுட்டிருக்கேன். ஆவாதா? ஆவாதுன்னு எனக்கும் தெரியும். நீ வெளிய சொல்லிக்கினு திரியாத.

தொறந்துட்டியா. மஞ்சளா இருக்குதா? அது மஞ்சள் இல்ல, சந்தனம். ஆயுத பூசைக்கு வெச்சது. மிக்சிக்கு வெச்சேன், கிரைண்டருக்கு வெச்சேன், அருவாமனைக்குக் கூட வெச்சேன், இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும். மேல சல்லடையாட்டம் ஓட்டை ஓட்டையா இருக்குதே, அது காத்து போவறதுக்கா? நான் டிசைனுன்னு நெனச்சேன். ஓட்டையெல்லாம் மூடறாப்பல பட்டையா இழுத்து, நடுவுல குங்குமமும் வெச்சேன். பாக்கறதுக்கு லட்சணமா இருந்திச்சி. அன்னிக்கு சாயங்காலமே நாலு லைட்டுல ரெண்டு அணைஞ்சிடிச்சி. சாமி குத்தம் போலன்னு ஒரு தேங்காயை ஒடைச்சேன். தண்ணி கிண்ணி தெளிச்சீங்களான்னு கேக்காத. தெளிச்சேன்.

சரி, வுடு. பொழைக்காதுன்னா பொழைக்காது. வேற இன்னா வெச்சிருக்கற, காட்டு.

இது இன்னா, மாட்டுக்கு இருக்கறாப்பல ரெண்டு கொம்பு? எத்தினி தூரம் போவும்? தெருக்கோடி வரைக்குமா? அய்ய, வேணாம் தம்பி. உள்ள வெய்யி, வெளிய எடுக்காத. எனக்கு ஒரு செவுரு தாண்டினா போதும். இந்தா, அடுப்புக்குப் பின்னால இருக்குது பாரு, இந்தச் செவுரு. இத்தத் தாண்டி ஒரு ஸ்டூலு போடற எடம். அதுக்கு அந்தாண்ட ஒரு முழம் கூட போவக்கூடாது.

சிரிக்காத. ஊரெல்லாம் சிக்னலு எட்டலை எட்டலைன்னு உன்னைக் கூப்புடுவாங்க, நான் எட்டவே கூடாதுன்றேன், சிரிப்பாத்தான் இருக்கும். காசு பத்தலைன்னு சொல்றேன்னு நெனைக்காத. பத்தலைதான், அது வேற. சீட்டு எடுத்ததுல மிச்சம் வெச்சது, ஆயிரத்தைத் தாண்டினா முழிப்பேன். ஆனா அந்தக் கொம்பு வெச்சதை நீ சும்மாவே குடுத்தாலும் எனக்கு வேணாம். மட்டமானதா, எளைச்சதா, நாலு பேரு வேணாம்னு தள்ளினது ஒண்ணு இருக்குமே.

அதான், அந்தக் குட்டிப் பொட்டி. யாருது? வூடு மாறிப் போனவங்க குடுத்துட்டுப் போனதா. ஏன் குடுத்துட்டாங்க? ஹால்ல வெச்சா படுக்கற ரூமுக்கே வரலைன்னா? அப்பிடி சொல்லு. இதான் நான் தேடினது. ஒயரை மாட்டு. டெலிபோன் ஒயரு ஹால்லேர்ந்து வாசக்கால் ஓரமா குசினி வரைக்கும் வருது பாரு, அதுல சொருவு. நல்லா இழுத்திருக்குதா? அது ராஜா இழுத்தது. எங்க மூத்தாரு பையன். இப்ப பாரீசு பக்கத்துல இருக்கறான். அவன் மாமனாரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவரு. பொண்ணுக்கு அந்த ஊரு நேஷனாலிட்டி. கட்டிக்கினவனுக்கும் காயிதம் வந்திச்சி, போயிட்டான். இந்த முத்தியால்பேட்டையில பாதி வூட்டுக் கதை இதானே.

செவுத்தைத் தட்டிப் பாக்கறியா. தட்டாத, தட்டினா அந்தாண்ட கேக்கும். ஒத்தக்கல்லு செவுரு. கோவத்துல கட்டினது, அதான் எங்க பக்கம் பூச்சு கூட பூசலை. இந்தக் குசினி முந்தி இதுமாரி ரெண்டு பங்கு இருக்கும். நானும் எங்க அக்காவும் ஒண்ணா ஆக்கினோம். அக்கான்னா கூடப் பொறந்தது இல்ல, மூத்தாரு பொண்டாட்டி, சந்திரகலான்னு பேரு. நான் கல்யாணமாயி வந்த நாள்லேர்ந்து ஒரே அடுப்பு. அது அரைச்சிக் குடுக்கும், நான் கொதிக்க வைப்பேன். எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது. உப்பு அதிகமாப் போனா கூட நான்தான் போட்டேன்னு அது சொல்லும், நான்தான்னு நான் சொல்லுவேன்.

சண்டை ஆம்பளைங்களுக்கு. இன்னாத்துக்குன்னு கேளு. தண்ணி மோட்டாருக்கு. யாரு சுச்சி போடறது, யாரு நிறுத்தறது. தொட்டி நெரம்பி வழிஞ்சா யாரு குத்தம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மில்லுல ஒரே ஷிப்டு பாத்தவங்க, மில்லு மூடினதும் வூட்ல உக்காந்து மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கினு இருந்தா வேற இன்னா வரும். நொத்தேருகிட்ட போயி பாகப் பத்திரம் எழுதி, கொத்தனாரைக் கூட்டியாந்து, நட்ட நடு வூட்ல நூலு புடிச்சிட்டாங்க. நூலு எங்க வந்திச்சின்னா குசினிக்கு நடுவுல. அடுப்பு எங்க பக்கம் வந்திச்சி, அம்மி அந்தப் பக்கம் போயிடிச்சி.

அத்தோட வுட்டாரா எங்க வூட்டுக்காரரு? கோயில்ல போயி கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ணிட்டாரு. நானோ, என் பொண்டாட்டியோ, என் பொண்ணோ அந்த வூட்டு ஆளுங்களோட பேசினா நான் உசுரோட இல்லைன்னு. நாம பாட்டுக்கு குசினியில வெங்காயம் நறுக்கிக்கினு இருக்கறோம், அவரு அங்க போயி நம்மளையும் சேத்துக் கற்பூரத்தை அணைச்சிட்டு வராரு. கற்பூரத்தை அணைச்சது அணைச்சதுதான். தாலியில போயி நிக்குது. பேச முடியுமா சொல்லு.

ஆனா அந்த சத்தியத்துல பூனையைப் பத்தி ஒண்ணும் இல்ல.

அதான் தம்பி, அந்தா ஜன்னல்ல படுத்திருக்குது பாரு, அதுதான். ரெண்டு வூட்டுக்கும் பொது. அதுக்கு மட்டும் பாகப்பிரிவினை நடக்கலை. அக்கா அந்தாண்ட இருந்து பூனைகிட்ட சொல்லும், ஏய் பூனை, இன்னிக்கு மார்க்கெட்டுல சங்கரா நல்லா இருக்குதாம்னு. நான் இந்தாண்ட இருந்து, ஏய் பூனை, நமக்கு இன்னிக்கு கிருத்திகைன்னுவேன். ஜாடையாப் பேசறது எங்க தெருவுல எல்லாரும் பண்றதுதான், சண்டைக்குப் பண்ணுவாங்க, குத்திக் காட்டப் பண்ணுவாங்க. நாங்க குடும்பம் நடத்தினோம். பூவிழியைப் பொண்ணு பாக்க வந்தது, நிச்சயம் ஆனது, நகை இன்னா போட்டோம்ன்றது, எல்லாம் பூனைக்குத் தெரியும். சில நாளு அது மீன் தேடிக்கினு வெளிய போயிருக்கும். அப்பவும் பூனைகிட்டதான் பேசுவோம்.

ராஜாவா? அவன் அந்த சத்தியத்துல வரமாட்டான். அவன் அப்ப காரைக்கால்ல வேலை பாத்துக்கினு இருந்தான். அவன் இல்லாதப்ப பண்ண சத்தியம் என்னை ஒட்டாது சித்தின்னுட்டு, மொட்டை மாடி வழியா ஏறிக் குதிச்சி வருவான். பூவிழி காலேஜிக்குன்னு இந்த நெட்டு வாங்கினப்ப அவன்தான் மாட்டினான். பொட்டியை ஹால்ல வைடான்னா, இல்ல சித்தி, குசினியில வெச்சாத்தான் எங்க பக்கமும் எட்டும்னான். பாரீசு கெளம்பறதுக்கு முன்ன அவங்கம்மாவுக்கு ஒரு லேப்டாப்பு வாங்கிக் குடுத்து, தொறந்தா தானா இந்தப் பொட்டியைப் புடிச்சிக்கறாப்பல செஞ்சி வெச்சிட்டுப் போனான். மூத்தாருக்கு அது தெரியாது. நெட்டு லேப்டாப்புக்கு உள்ளாறயே இருக்குதுன்னு அவருக்கு நெனப்பு. வாங்கும்போதே நெரப்பிக் குடுத்துடுவாங்கன்னு ஒருநாளு பக்கத்து வூட்டாண்ட சொல்லிக்கினு இருந்தாரு. அக்காவுக்குத் தெரியும். நெட்டு போயிடிச்சின்னா, ஏய் பூனை, இன்னிக்குப் பாலு வரலைபோலன்னு சொல்லும். நான் பொட்டியை ஒருவாட்டி அணைச்சிப் போடுவேன்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்ட்டு ஓஞ்சதும் அவன் லேப்டாப்புல வருவான். அங்க அப்பதான் எழுந்து காப்பி குடிச்சிக்கினு இருப்பான். சிக்னலு அந்தாண்ட ஸ்டூலு போடற எடம் வரைக்கும்தான் எட்டும், அதனால அக்கா லேப்டாப்பை எடுத்துக்கினு செவுத்தோரமா வந்து உக்காரும். நானும் அந்த நேரத்துக்குத்தான் பாத்திரம் கழுவ உக்காருவேன். இல்ல, கழுவ மாட்டேன். தண்ணி சத்தத்துல காது கேக்காது. சும்மா உக்காந்திருப்பேன்.

இப்பத் தெரிஞ்சிதா ஏன் கொம்பு வெச்சது வேணாம்னேன்னு? சிக்னலு அவங்க ஹாலு வரைக்கும் போச்சின்னா மூத்தாரு லேப்டாப்பைத் தூக்கிக்கினு போயி கட்டில்ல வெச்சிக்குவாரு. ஃபேன் காத்துல படுத்துக்கினு பேசுவாரு. நான் இங்க செவுத்தைப் பாத்துக்கினு உக்காந்திருக்கணும்.

பொட்டி செத்து ரெண்டு ஞாயிறு ஆயிடிச்சி தம்பி. ரெண்டு ஞாயிறும் எனக்கு சோறு எறங்கலை. உண்மையைச் சொல்றேன், வூட்ல ஒரு சாவு விழுந்தாப்பல இருந்திச்சி. அதுவும் போவட்டும். மூத்தாரு இன்னிக்கும் ஒருவாட்டி பாப்பாராம். இன்னிக்கும் வரலைன்னா, நெரப்பிக் குடுத்தது தீந்துபோச்சின்னு நாளைக்குப் போயி அவரே தனியா லைனுக்கு எழுதிக் குடுத்துடுவாராம். வாசலாண்ட இருக்கற ரூம்ல, டெலிபோனு பக்கத்துல வெச்சிக்குவாராம். காலையில பூனைகிட்ட அக்கா சொல்லிச்சி. சொல்லும்போது அது கொரலே சரியில்ல. வாசல் ரூமு எங்க, குசினி எங்க. நடுவுல ஹாலு, படுக்கற ரூமு, சாமி ரூமு. அவங்க லைனு வந்திடிச்சின்னா அத்தோட முடிஞ்சிது. அதான் ஞாயித்துக்கெழமையும் அதுவுமா உன்னை வா வான்னு பிச்சை எடுக்காத கொறையா கூப்புட்டேன்.

போன்ல பேசலாமேன்ற. பேசாம இருப்பேனா. பூவிழி வூட்டுக்குப் போனா போட்டுக் குடுப்பா. சித்தி நல்லாருக்கியான்னு கேப்பான். நல்லாருக்கேன்பான்னுவேன். சாப்ட்டியான்னு கேப்பேன். சாப்ட்டேன் சித்தின்னுவான். அதுக்கு மேல இன்னா இருக்குது பேச? சித்திகிட்ட இன்னா பேசுவாங்களோ அத்தப் பேசுவான், அவன் மேல குத்தமில்ல. அம்மாகிட்ட பேசற பேச்சு வேற தம்பி. பொண்டாட்டி கோவிச்சிக்கினது, முதுகு வலி, மொதலாளி திட்டினது, பனியில வழுக்கி விழுந்தது, ஏம்மா எனக்கு இங்க புடிக்கலைம்மான்னு ஒருநாளு அழுதான். அதெல்லாம் சித்தியாண்டயா சொல்லுவான்? அதெல்லாம் செவுத்துல காது வெச்சாத்தான் உண்டு.

இன்னா, பொட்டிக்குப் பேரு கேக்குதா? பழைய பேரே போடு. பாஸ்வேர்டும் பழசே போடு. புதுசு வேணாம். பழசு தெரியுமான்னா, தெரியும், இந்தா, அரிசி டப்பா மூடிக்கு உள்ள ராஜா எழுதி ஒட்டியிருக்கறான். எழுத்து அழியலைல்ல? ஒரு எழுத்து மாறாம அப்பிடியே போடு. பாதுகாப்புக்கு மாத்தறது நல்லதுன்னா, நல்லதுதான், யாரு இல்லைன்னா. மாத்தினா அந்தாண்ட யாரு போயி சொல்றது? சங்கரா மீனை சொல்லலாம், கிருத்திகையை சொல்லலாம். இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்து பூனைகிட்ட எப்பிடி தம்பி சொல்லுவேன்? அதுலயும் ஒண்ணு பெரிய எழுத்தாம், ஒண்ணு சின்ன எழுத்தாம்.

ஆச்சா. லைட்டு எரியுதா? நாலுமா? இரு, உன் செல்லுல பாரு, ஹால்ல போயி நின்னு பாரு. எட்டலையா? ரொம்ப நல்லது. கையெடுத்துக் கும்புடறேன். அந்த வூடு மாறிப் போனவங்க நல்லாருக்கட்டும்.

கொஞ்சம் தள்ளிக்கோ. ஏய் பூனை, பாலு வந்திடிச்சி. ஆமா, நல்லாவே வந்திடிச்சி. குடிக்கறவங்க குடிக்கலாம்.

நீ பேசாத. கேக்குதா, ஸ்டூலு இழுக்கற சத்தம்? அக்காதான். லேப்டாப்பு தொறந்தா ஒரு மணி அடிக்கும். அடிச்சிடிச்சி. இரு.

இதான் ராஜா. அம்மா, எங்கம்மா போயிட்டே ரெண்டு வாரமான்றான் பாரு. தொண்டை கட்டியிருக்குது. மப்ளரு சுத்த மாட்டான், சின்னப் புள்ளையிலேர்ந்து கழுத்துல ஒண்ணு கட்டினா அவுத்துப் போட்டுடுவான். அக்கா கேட்டிச்சி பாரு, தொண்டை இன்னான்னு. நல்லவேளை கேட்டிச்சி.

ஏன் இப்பிடி ஊருக்கே கேக்கறாப்பல கத்தறான்னு பாக்கறியா? அக்கா சொல்லும் அப்பிடி. எனக்குக் காது மந்தமாயிடிச்சிப்பா, சத்தமாப் பேசுன்னு வாராவாரம் சொல்லும். அவனும் பாவம், நம்பிட்டான். காது டாக்டருக்குப் பணம் அனுப்பறேன்றான். அக்கா காதுக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. நான் இங்க கடுவு போட்டா, எண்ணெ காயறதுக்குள்ள போட்டுட்டாளேன்னு அங்க இருந்து பூனைகிட்ட சொல்ற ஆளு அது.

கல்யாணமாயி ரொம்ப வருஷம் அக்காவுக்குப் புள்ளை இல்ல. எனக்கு மொதப் புள்ளை பொறந்து, தலை நிக்கறதுக்குள்ள எங்க மாமியா தூக்கி அது மடியில வெச்சிட்டாங்க. மூத்தவன் வூட்ல வெளக்கு எரியட்டும், உனக்கு அடுத்தது பொறக்கும்னாங்க. பொறந்திச்சி, பூவிழி. ஒரே வூடு, ஒரே குசினி, எந்த மடியில இருந்தா இன்னான்னு நானும் வுட்டுட்டேன். நடுவுல செவுரு வரும்னு யாரு கண்டா. அவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல. அக்காவும் நானும் இத்தினி வருஷத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல, பூனைகிட்ட கூட. பெத்தவ இந்தாண்ட உக்காந்திருக்கறா, அவளுக்கும் கேக்கட்டும்னுட்டு காது மந்தம்ன்னு சொல்லிக்கினு இருக்குது, அவ்வளவுதான்.

கொழாய் சொட்டுது பாரு தம்பி, அத்தக் கொஞ்சம் இறுக்கி மூடு. நீ அப்பிடி ஓரமா உக்காரு, பணம் அப்புறம் தரேன்.